பின்சீட்டில் ஏறி இறங்கியவர்கள்

ஐப்பசி மழை வெறித்த மறுநாள் காலையில் எங்கள் ஊருணிக்கரைத் தெருவில் நின்ற மோட்டார் சைக்கிள்களில் ஒன்றுகூடக் கிளம்பவில்லை. மில்லுக்குக் காலை ஷிப்டு போக வேண்டிய ஆம்பளைகள் வாசலுக்கு வாசல் நின்று கட்டைவிரல் வலிக்க செல்ஃப் பட்டனை அமுக்கினார்கள். எல்லா வண்டியும் சுவர்ப்பல்லி மாதிரி டிக், டிக் என்று மட்டும் சொன்னது, ஹாரனை அடித்தால் சளி பிடித்த ஆட்டுக்குட்டி மாதிரி கம்மலாக ஒரு சத்தம் வந்தது, ஹெட்லைட் கொஞ்சம் மஞ்சளைக் காட்டிவிட்டு, பட்டனை அமுக்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டது. பேட்டரி ஓய்ந்துபோனால் இப்படித்தான் ஆகும் என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். ஆனால் எங்கள் தெருவில் ஒரு ஆம்பளை தன் வண்டியில் பேட்டரி வீக் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டான், சொன்னால் தன்னையே சொல்லிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதனால் பங்கில் பெட்ரோலோடு தண்ணியைக் கலந்துவிட்டான் என்றார்கள், பிளக்கைக் கழற்றி வாயால் ஊதினார்கள், கார்புரேட்டரை ஸ்பேனரால் தட்டினார்கள், மழை மேல் பழியைப் போட்டார்கள், எல்லாம் போட்டுவிட்டு மறுபடியும் பட்டனை அமுக்கினார்கள்.

அப்போது எதிர்வீட்டுச் செண்பகம் பூக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவள் பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டி விற்கிறவள், தினமும் அவள் புருஷன் கருத்தப்பாண்டிதான் வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, அப்படியே மில்லுக்குப் போவான்.

"நான் நடந்தே போறேன்னா விடவும் மாட்டேங்கிற, கிளப்பவும் மாட்டேங்கிற. பூ வாடினா நீயா சாமிக்கு மாலையாப் போய்த் தொங்குவ?" என்று வைதுகொண்டே அவள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் வண்டி கிளம்பிவிட்டது. கருத்தப்பாண்டி பட்டனை முழுசாக அமுக்கக்கூட இல்லை. ஹெட்லைட் எரிந்த வெளிச்சத்தில் தெருவில் கூவி முடித்திருந்த சேவல்கள் இரண்டாவது தடவை கூவின. உள்ளங்காலிலிருந்து ஏதோ ஒன்று உருவிக்கொண்டு போய் சீட்டுக்குள் இறங்கின மாதிரி இருந்தது, கால் மரத்துப்போனால் வருமே அந்த மாதிரி என்று செண்பகம் சாயங்காலம் குழாயடியில் சொன்னாள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏனென்றால் அதற்குள் எல்லா வீட்டிலும் அவரவர் பெண்சாதியை ஏற்றிப் பார்த்திருந்தார்கள், எல்லா வண்டியும் கிளம்பியிருந்தது, எல்லாருக்கும் உள்ளங்கால் மரத்திருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் தெருவில் விடிவது இப்படித்தான். வாசலில் வண்டியை எடுத்து நிறுத்திவிட்டு ஆம்பளை குரல் கொடுப்பான். உள்ளே இருந்து பொம்பளை தோசைக்கரண்டியோடு வருவாள், ஒருத்தி தலையில் துண்டோடு வருவாள், ஒருத்தி பால் குடிக்கிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவாள். ஒருபக்கமாக ஏறி உட்காருவாள், வண்டி கிளம்பும், அந்த நிமிஷமே இறங்கி உள்ளே ஓடிவிடுவாள். அடுப்பில் தோசை கருகும் என்பது ஒரு காரணம். கிளம்பின வண்டியில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறவள் வெட்கங்கெட்டவள் என்று பேச்சு வந்தது இன்னொரு காரணம், அந்தப் பேச்சை யார் முதலில் சொன்னது என்று தெரியாது, கேட்டால் எல்லாரும் அடுத்த வீட்டைக் காட்டுவார்கள்.

மாசம் போகப் போக ஊரே அதற்குத் தகுந்த மாதிரி மாறிக்கொண்டது. மெக்கானிக் ஜோசப்ராஜ், வண்டி கிளம்பவில்லை என்று யாராவது வந்தால் டூல்பாக்ஸைத் திறக்கிறதுக்கு முன்னாலேயே "வீட்ல எப்படி இருக்காங்க? சாப்பிடுறாங்களா?" என்று கேட்டான். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இன்ஜின் ஆயில் டப்பாக்களுக்குப் பக்கத்தில் இரும்புச்சத்து டானிக் பாட்டிலை அடுக்கினார்கள். மில்லில் பெண்சாதிக்குக் காய்ச்சல் என்றால் புருஷனுக்குச் சம்பளத்தோடு லீவு கொடுத்தார்கள், ஏன் என்று யாரும் விளக்கம் கேட்கவில்லை. கிக்கர் இருக்கிற வண்டியை ஒருவன் உதைத்துக் கொண்டிருந்தால், "என்ன மாப்ள, தங்கச்சி ஆத்தா வீட்டுக்குப் போயிருச்சா?" என்று கேலி பண்ணினார்கள். உதைத்துக் கிளப்பின வண்டி இருமிக்கொண்டே போய்த் தெருமுனை திரும்புவதற்குள் நின்றுவிடும், அவன் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்துக் குழாயடியில் சிரிப்பார்கள். மாரியம்மன் கோவில் உண்டியலில் கண்மலரோடும் தொட்டிலோடும் வெள்ளித் தகட்டில் செய்த சின்னச் சின்ன மோட்டார் சைக்கிள்களும் விழுந்தன. கல்யாணத் தரகர் சின்னையா, "பொண்ணு பிளஸ் டூ பாஸு, நல்லாச் சமைக்கும், ஒரே அமுக்குல எடுத்துரும்" என்று மூன்றாவதாக அதையும் சேர்த்துச் சொன்னார்.

பொம்பளைகளுக்கு மத்தியானம் ஆனால் குரல் கம்மியது. உச்சி வெயிலில் நடக்கும்போது கண்ணுக்கு வெளிச்சம் மங்கி மங்கி வந்தது. நகத்தின் ஓரம் சுண்ணாம்பு தொட்ட மாதிரி வெள்ளை பூத்தது. பேட்டரியின் முனையிலும் அப்படித்தான் வெள்ளை பூக்கும், ஆப்பசோடாவும் வெந்நீரும் ஊற்றித் துடைத்தால் போய்விடும் என்று எனக்குத் தெரியும், என் கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டுக்காரர் செய்து பார்த்திருக்கிறேன். ஒருநாள் யாருக்கும் தெரியாமல் என் நகத்தையும் அப்படித் துடைத்துப் பார்த்தேன். போகவில்லை.

என் பெயர் கனகமணி. எங்கள் வீட்டுக்காரர் தவசி மில்லில் நூல் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் இருக்கிறார். ஆரம்பத்தில் எனக்கும் வண்டி கிளம்பிக்கொண்டுதான் இருந்தது, நானும் ஏறினேன், இறங்கினேன், தோசையைத் திருப்பினேன். அப்புறம் இரண்டு அமுக்கில் கிளம்பியது, அப்புறம் ஐந்தாறு அமுக்கில் கிளம்பியது, வைகாசி பிறந்த பிறகு ஒருநாள் நான் உட்கார்ந்திருக்க, அவர் அமுக்க, டிக் என்று மட்டும் சொன்னது.

"நல்லா உக்காரு கனகு."

"நல்லாத்தாங்க உக்காந்திருக்கேன்."

"காலை ஊணாத. மனசை எங்கேயோ வச்சிருக்க போல."

டிக். டிக். தெருவில் மற்ற வண்டிகள் எல்லாம் போய்விட்டன. போகிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். எங்கள் வீட்டுக்காரர் திட்டுகிற ஆள் இல்லை, திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர் சீட்டை விட்டு இறங்கி, என்னைப் பார்க்காமல் எதிர்வீட்டைப் பார்த்து, "தங்கச்சி, ஒரு கை" என்றார். செண்பகம் வந்து உட்கார்ந்தாள், வண்டி சிங்கம் மாதிரி கிளம்பியது, நான் என் வாசலில், என் கண் முன்னால், என் வீட்டு வண்டியில் இன்னொருத்தி உட்கார்ந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டு கோலப்பொடி டப்பாவோடு நின்றேன்.

"முருங்கைக்கீரை சாப்பிடுங்க மதினி. உள்ள ஒண்ணுமே இல்ல போலயே" என்றாள் போகும்போது. அவள் கேலியாகச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் முருங்கைக்கீரை சாப்பிட்டேன், பேரீச்சம்பழம் சாப்பிட்டேன், டானிக் குடித்து நாக்கு கறுத்துப்போனது, ஒரு தடவைகூட எடுக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் மகள் அமுதவேணி ஏற ஆரம்பித்தாள். நான் சொல்லவில்லை, அவளாகவே ஒருநாள் ஏறி உட்கார்ந்தாள், தீப்பெட்டி ஆபீசுக்குப் போகக் கிளம்பி நின்றவள், தூக்குச்சட்டியை என் கையில் கொடுத்துவிட்டு ஏறினாள், வண்டி கிளம்பியது, இறங்கி என்னிடம் தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். என் மானத்தைக் காப்பாற்றத்தான் செய்தாள். நான் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, ஏனென்றால் அன்றைக்கு எதிர்வீட்டுக் கதவு திறக்க வேண்டியிருக்கவில்லை, அந்த நிம்மதி எனக்குப் பெரிதாக இருந்தது. கார்த்திகைக்குள் அவள் வளையல் முழங்கைக்கு ஏறியது. சாப்பிடும்போதே கண் சொருகியது. தீக்குச்சி அடுக்குகிற கை நடுங்குகிறது என்று ஆபீசில் கணக்குப்பிள்ளை சொல்லி அனுப்பினார். எனக்கு ராத்திரி எல்லாம் இதே நினைப்புதான், விடிந்தால், "பாப்பா, அப்பாவுக்கு வண்டியை எடுத்து விட்டுரும்மா" என்று என் வாய்தான் சொல்லும்.

இந்த நேரத்தில்தான் சின்னையா ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். பையன் பெயர் வேல்மயில், பக்கத்து ஊரில் அச்சாபீசில் வேலை, அப்பா இல்லை, அம்மா பேச்சியம்மாள் மட்டும்தான், குணமான இடம். தை பிறந்ததும் பார்க்க வருவார்கள் என்றார். பார்க்க வருவது என்றால் இப்போது சொஜ்ஜி பஜ்ஜியோடு முடிவது இல்லை. மாப்பிள்ளை வீட்டார் மாப்பிள்ளையின் வண்டியைப் பல நாள் யாரும் ஏறாமல் சும்மா நிறுத்திவைத்து, ஒரு பொட்டு சார்ஜ்கூட இல்லாமல் வற்றவிட்டு, சந்தனம் குங்குமம் வைத்துக் குட்டியானை வேனில் ஏற்றிக் கொண்டுவருவார்கள். பெண் அதில் ஏறி உட்கார வேண்டும். எடுத்துவிட்டால் வெற்றிலை மாற்றுவார்கள், மாப்பிள்ளை தன் அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அந்த வண்டியிலேயே வீட்டுக்குப் போவான். எடுக்காவிட்டால் வண்டியைத் திரும்பக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு, காப்பி டம்ளரைக்கூடத் தொடாமல் போய்விடுவார்கள், அப்புறம் அந்தப் பெண்ணைப் பார்க்க வேறு யாரும் வரமாட்டார்கள்.

என்னை மாதிரி என் மகளும் டிக் என்று போய்விட்டால் என்ன செய்வது என்ற பயத்தில்தான் நான் காஜா பாய் கடைக்குப் போனேன். எங்கள் வீட்டுக்காரர் ஒரு துஷ்டி வீட்டில் துக்கம் கேட்கப் பஸ்ஸில் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, அமுதவேணியும் நானும் எங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு பஜாருக்குப் போனோம். எதிரே வந்தவர்களிடம் எல்லாம் பஞ்சர் என்று சொன்னேன். புதுப் பேட்டரி ஒன்றை மாட்டிவிட்டால், தை வரைக்குமாவது பிள்ளை ஏறாமல் உடம்பு தேறும் என்பது என் கணக்கு.

காஜா பாய் பேட்டரி விற்கிறவர், சார்ஜ் போட்டுக் கொடுக்கிறவர். கடை வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். பேட்டரிகளுக்கு முன்னால் பேரீச்சம்பழப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்.

"என்ன வேணும்மா, பழமா?"

"பேட்டரிங்க."

அவர் எழுந்து நின்றுவிட்டார். "யா அல்லா. பேட்டரின்னு கேட்டு ஒரு ஆள் வந்திருக்கீங்க. வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. சத்தமாப் பேசாதீங்க."

அவர் சீட்டைத் தூக்கிப் பார்த்தார், முனையில் பூத்திருந்த வெள்ளையைச் சுரண்டினார், மீட்டரின் இரண்டு வயரையும் வைத்தார், முள் நோஞ்சானாகப் படுத்துக்கொண்டது. அமுதவேணியை ஏறச் சொன்னார். அவள் ஏறினாள், வண்டி கிளம்பியது, வழக்கம்போல இறங்கப்போனாள்.

"இறங்காத பாப்பா, எங்க ஓடுற? இரு" என்றவர் ஆக்சிலேட்டரை முறுக்கினார். வண்டி அலறியது. முள் படுத்த இடத்திலேயே படுத்துக் கிடந்தது. அவர் முறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"பேட்டரி தரமாட்டேன்மா. வச்சாலும் செத்துப்போகும். வண்டி கிளம்புறப்போ பேட்டரியில இருந்து எடுக்கும், எல்லா வண்டியும் எடுக்கத்தான் செய்யும். ஆனா ஓட ஓட அதைத் திருப்பிக் குடுக்கணும். அப்ப இந்த முள்ளு மேல ஏறணும். ஒங்க வண்டி எடுக்குது, குடுக்கல. உள்ள எங்கயோ வயர் கருகிக் கெடக்கு. வீட்டுக்காரரை வரச்சொல்லுங்க, அரை நாள் வேலைதான்."

"அப்ப எல்லா வண்டியிலயும் வயர் கருகிருச்சாங்க?"

"அது எப்படி? நல்ல வண்டியும் இருக்கும், கெட்ட வண்டியும் இருக்கும். இப்ப யாரு கொண்டுவந்து காட்டுறா, நான் சொல்றதுக்கு?"

திரும்பி வரும்போது வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டே யோசித்தேன், நான் எட்டாவதோடு நின்றவள், எனக்கு யோசனை மெதுவாகத்தான் வரும், கோவில் திருப்பத்துக்கு வந்தபோது வந்தது. செண்பகத்துக்கு ஏன் நகம் வெளுக்கவில்லை? தெருவில் அவள் ஒருத்திதான் கிளம்பின வண்டியில் இருந்து இறங்காதவள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் உட்கார்ந்துகொண்டே போகிறாள். போகிற வழி எல்லாம் அவளுக்குத் திரும்பி வருகிறது. நாங்கள் எல்லாரும் கொடுத்த கையோடு குதித்து இறங்கி அடுப்படிக்கு ஓடியிருக்கிறோம், நல்ல வண்டி கொடுக்க நினைத்தாலும் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. அத்தனை மாசம் நான் சாப்பிட்ட முருங்கைக்கீரையை நினைத்து நடுரோட்டில் எனக்கு அழுகை வந்தது.

ராத்திரி சோறு போடும்போது மெதுவாக ஆரம்பித்தேன். "வண்டியை ஒருதடவை காஜா பாய்கிட்ட காட்டினா என்னங்க? உள்ள வயர் எதுவும்..."

அவர் கை சோற்றில் நின்றது. "என் வண்டியில என்ன குறை? பாப்பா ஏறினா எடுக்குதா இல்லையா?"

"எடுக்குதுங்க. குடுக்கிறது இல்ல."

"இதை வெளிய எங்கயும் சொல்லிட்டுத் திரியாத கனகு" என்றார். சத்தம் போடவில்லை. தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்துபோனார். அவர் முகம் சுண்டிப்போனதைப் பார்த்து, ஏதோ நான்தான் கூடாத வார்த்தையைச் சொல்லிவிட்ட மாதிரி எனக்குக் கூசியது. மறுநாள் காலையில் அமுதவேணி தூக்குச்சட்டியை நீட்டினாள், நான் வாங்கிக்கொண்டேன்.

தை பிறந்தது, அவர்கள் வந்தார்கள். குட்டியானையில் இருந்து வண்டியை நான்கு பேர் பிடித்து இறக்கினார்கள். ஹேண்டில்பாரில் மல்லிகைச்சரம் சுற்றியிருந்தது. இதோ எடுத்துவிடும், நாங்கள் வண்டியிலேயே போய்விடுவோம் என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் பெருமையாகச் சொல்லிக் குட்டியானையைத் திருப்பி அனுப்பிவிட்டார். பொம்பளைகளுக்கு வாசலில் வேப்பமர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தோம். பேச்சியம்மாள் மெலிந்த பொம்பளை, பட்டுப்புடவைக்குள் கையைச் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தெருவே வந்து நின்றது. செண்பகம் அமுதவேணிக்குப் பூ வைத்துவிட்டு, "பயப்படாதடி, மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கோ" என்றாள்.

வேல்மயில் முன்னால் உட்கார்ந்தான். அவனும் பயந்துதான் இருந்தான், காது சிவந்திருந்தது. அமுதவேணி பச்சைப் பாவாடை தாவணியில் ஏறி ஒருபக்கமாக உட்கார்ந்தாள். அமுக்கினான்.

டிக்.

தாய்மாமன் தொண்டையைக் கனைத்தார். மறுபடியும் டிக். "ஆத்தாளைப் போல" என்று பின்னால் யாரோ மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. மூன்றாவது தடவை என் மகள் கண்ணை மூடிக்கொண்டு சீட்டை இரண்டு கையாலும் பிடித்தாள், பிடித்த கை நீலமாகி, வெள்ளையாகி, வண்டி கிளம்பியது. பட்டப்பகலில் ஹெட்லைட் எரிந்து எதிர்ச்சுவரில் வட்டமாக விழுந்தது, ஹாரன் தானாக ஒருதடவை அடித்தது, குலவை போட்டார்கள், எங்கள் வீட்டுக்காரர் துண்டால் கண்ணைத் துடைத்தார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது, அதை எப்படிச் சொல்லாமல் இருப்பது, இந்த உலகத்தில் இனி எனக்கு ஒரு தலைக்குனிவும் இல்லை என்று அந்த நிமிஷம் இருந்தது. அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தேன். சாம்பலாக இருந்தது. உதட்டில் ரத்தமே இல்லை.

"போதும்மா, இறங்கு" என்றார் தாய்மாமன்.

அவள் ஒரு காலைக் கீழே நீட்டினாள்.

"இறங்காத!"

நான்தான் கத்தினேன். என் குரல்தான் என்று எனக்கே கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உடம்பெல்லாம் கூசியது, புடவை அவிழ்ந்து நடுத்தெருவில் நின்றாலும் அப்படிக் கூசியிருக்காது.

"இறங்காத பாப்பா. தம்பி, பிள்ளைய ஊருணியச் சுத்தி ஒரு சுத்து கூட்டிட்டுப் போயிட்டு வாங்க."

"என்னது?" என்றார் தாய்மாமன். "கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணைப் பின்னால வச்சு ஊர் சுத்தச் சொல்றீங்களா? நல்ல குடும்பம்னு சொன்னாங்களே."

"கனகு, உள்ள போ" என்றார் எங்கள் வீட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஒரு சுத்துதாங்க. எடுத்ததை வண்டி திருப்பிக் குடுக்கட்டும். குடுத்துருச்சுன்னா உங்க கால்ல விழுந்து பொண்ணைத் தாரேன்."

வேல்மயில் தன் அம்மாவைப் பார்த்தான். பேச்சியம்மாள் புடவைக்குள் கையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அமுதவேணி நீட்டின காலை மடக்கி மேலே வைத்துக்கொண்டாள். "போங்க" என்றாள் அவன் முதுகைப் பார்த்து. அவன் போனான்.

எங்கள் ஊருணி பெரியது, மழை பெய்திருந்ததால் கரை முட்டத் தண்ணி நின்றது, இந்தக் கரையில் இருந்து பார்த்தால் எதிர்க்கரையில் போகிற ஆள் தெரியும், முகம் தெரியாது. பச்சைத் தாவணி கரை மேல் போவதை நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம். காப்பி ஆறி ஆடை படிந்தது. வண்டிச் சத்தம் தண்ணி மேல் வந்துகொண்டிருந்தது, முதலில் சீராக வந்தது, புளியமரத்தைத் தாண்டும்போது இரண்டு தடவை விக்கியது, ஹெட்லைட் மங்கியது, அப்புறம் எதிர்க்கரையில் சரியாக நடுவில் சத்தம் நின்றது. அதற்குப் பிறகு ஒரு நாரை கத்தியது மட்டும் கேட்டது. பச்சைத் தாவணி வண்டியை விட்டு இறங்கியது. நடக்க ஆரம்பித்தது.

"பாதிக்கே பொண்ணு தீந்து போச்சு" என்றார் தாய்மாமன். "சின்னையா, என்னய்யா இடம் காட்டியிருக்க?"

தெருவில் முணுமுணுப்பு எழுந்தது. என் மகள் தண்ணிக்கு அந்தப் பக்கம் தனியாக நடந்து வந்துகொண்டிருந்தாள், அவள் வந்து சேருவதற்குள் அவள் பெயர் போய்விடும் என்று எனக்குத் தெரிந்தது.

"தீந்து போனது எம்பொண்ணு இல்லண்ணே. கிளம்பி ஓடுற வண்டி நடுவழியில நின்னா, அது எடுத்துச்சு, திருப்பிக் குடுக்கலன்னு அர்த்தம். உங்க வண்டியிலதான் கோளாறு."

அந்தத் தெருவில் அப்படி ஒரு வார்த்தையை அதுவரை ஒருத்தியும் சொன்னது இல்லை. ஆம்பளைகள் தரையைப் பார்த்தார்கள். தாய்மாமன், "வாயை அளந்து பேசணும்" என்று முன்னால் வந்தார். நான் எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தேன், வேண்டாம் கனகு என்று அவர் கண்ணாலேயே கெஞ்சினார், கட்டின நாளில் இருந்து என்னிடம் எதற்கும் கெஞ்சாத மனுஷன். அவர்கள் வண்டியை மட்டும் சொல்லி விட்டுவிடலாம்தான். ஆனால் அதை யார் நம்புவார்கள்?

"எங்க வீட்டு வண்டியிலயும் அதே கோளாறுதான்" என்றேன். "மாசக்கணக்கா ஏறி ஏறி நான் வத்திப்போனேன், அப்புறம் எம்பொண்ணை ஏத்தி விட்டேன். பஜார்ல காஜா பாய் மீட்டர் வச்சே பாத்தாச்சு."

எங்கள் வீட்டுக்காரர் துண்டைத் தோளில் இருந்து எடுத்தார், அதை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் சுற்றினார், பிறகு வீட்டுக்குள் போய்விட்டார். அந்த முதுகை என்னால் பார்க்க முடியவில்லை. நான் போய்ப் பேச்சியம்மாளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. புடவைக்குள் இருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் விரித்து வைத்தாள். பத்து நகமும் வேர் வரைக்கும் வெளுத்திருந்தன, விரல் நுனி எல்லாம் காய்ந்த சுண்ணாம்பாக வெடித்திருந்தது. என் கையை அதன் பக்கத்தில் வைத்தேன். வித்தியாசமே தெரியவில்லை.

"எனக்கு மேலுக்கு முடியலன்னுதான் மதினி அவசரமாப் பொண்ணு தேடினோம்" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "எனக்குப் பதிலா ஏறுறதுக்கு."

அமுதவேணி வந்தாள். பாதம் எல்லாம் சேறு. கூட்டம் தானாக விலகி வழி விட்டது. ரொம்பப் பின்னால் வேல்மயில் வேர்வை ஒழுக வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான், மல்லிகைச்சரம் சக்கரத்தில் மாட்டி அறுந்திருந்தது.

"ஒண்ணுமே வரலம்மா" என்றாள் அமுதவேணி. நாற்காலியில் விழுந்த மாதிரி உட்கார்ந்தாள். பிறகு அவனைப் பார்த்து, எங்கள் வீட்டுப் பெண் இப்படி ஒரு மாப்பிள்ளையிடம் நேராகப் பேசுவாள் என்று நான் நினைத்ததே இல்லை, "வண்டிய முதல்ல சரிபண்ணுங்க. பண்ணிட்டு உங்கம்மாவப் பின்னால வச்சு ஊரெல்லாம் சுத்துங்க. அவங்க கை சிவந்ததும் வந்து என்னைக் கேளுங்க" என்றாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். அவன் காது மட்டும் அப்படியே சிவந்திருந்தது.

பொழுது இறங்கியது. அவர்கள் ஊருக்குப் போக வேண்டும், குட்டியானையும் இல்லை. தாய்மாமன் வண்டியில் ஏறி உட்கார்ந்து பட்டனில் விரலை வைத்துக்கொண்டு, "யக்கா, வந்து ஏறு, போவோம்" என்றார். பேச்சியம்மாள் எழுந்திருக்கவில்லை. "என்னக்கா, உன்னத்தான்" என்றார். அவள் மடியில் இருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சுற்றிப் பார்த்தார், செண்பகத்தைப் பார்த்து, "தங்கச்சி, நீயாச்சும் ஒரு கை" என்றார். செண்பகம் என்னைப் பார்த்தாள், என் நகத்தைப் பார்த்தாள், அன்றைக்குத்தான் அதை முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி பார்த்தாள், பூக்கூடையைக் கீழே வைத்துவிட்டு எங்களுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். நின்றுகொண்டிருந்த மற்ற பொம்பளைகளும் ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தார்கள்.

டிக், டிக் என்றது வண்டி. வீட்டுக்குள்ளே எங்கள் வீட்டுக்காரர் லைட் போடாமல் இருட்டில் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரிந்தது, நாளைக் காலையில் அந்த முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியவில்லை, வெட்கம் என் கழுத்து வரைக்கும் ஏறி நின்றது. எழுந்துபோய்ப் பின்சீட்டில் உட்கார்ந்துவிட்டால்கூடத் தேவலை என்று இருந்தது. நாற்காலியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேல்மயில்தான் கடைசியில் தன் மாமனை இறங்கச் சொல்லிவிட்டு, வண்டியைத் திருப்பி, பஜாரில் காஜா பாய் கடை எந்தப் பக்கம் என்று எங்களிடம் கேட்டான்.